சோடியம் போன இடம்

பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், உருக்கிய பொட்டாசிய உப்பில் மூக்குக்கண்ணாடி லென்சுகளை ஊறவைத்துப் பலப்படுத்தும் கம்பெனியில் சூப்பர்வைசர். புருவம்கூட நரைத்தவர். யாராவது நின்றால், “அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம் சார்” என்று இருவர் சீட்டில் மூன்றாமவருக்கும் இடம் கொடுப்பார்.

“கண்ணாடியும் இப்டித்தான் சார். சூட்டுல அதுல இருக்கற சின்ன சோடியம் அணு வெளிய போவும். அந்த எடத்துல பெரிய பொட்டாசியம் நெருக்கி உக்காரும். அந்த நெருக்கத்துலதான் கண்ணாடிக்குப் பலம்” என்றார் ஒருநாள்.

“வெளியே போன சோடியம்?”

“உப்புலயே கெடக்கும். அதிகமா சேந்துட்டா உப்பு வேலைக்காவாது, கொட்டிருவோம்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மறுவாரம் அவரைக் காணவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, பெரிய படிப்பு படித்த ஒருவரை அந்த இடத்தில் போட்டிருப்பதாக அவர் கம்பெனி ஆள் சொன்னார்.

அன்று அவர் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன்.