டாக்டர் கேட்ட எவ்னே

என் அக்கா குன்வோருக்கு எழுத்து வராது. எனக்கும் வராது. அவளைக் கொண்டுபோனார்கள், என்னை விட்டுவிட்டார்கள். புத்தி மட்டானவர்களைக் கணக்கெடுக்க டாக்டர் வந்த அன்று நான் மாடுகளோடு மலைமேய்ச்சலில் இருந்தேன், அவ்வளவுதான். வேறு காரணம் யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

எங்கள் டெலெமார்க் மலைப்பக்கத்துப் பேச்சில் எம்னே என்றால் மரம். வெறும் மரமில்லை, இன்னொன்றாக ஆகப்போகிற மரம். பனிச்சறுக்குக் கட்டைக்காகப் பிளந்து காயப்போட்ட பிர்ச் துண்டைத் தட்டிப்பார்த்து, நல்ல எம்னே என்போம். நகரத்தார் பேச்சில் எவ்னே என்று ஒன்று உண்டு. அது திறமை. இரண்டும் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள் என்று பள்ளிக்கூட வாத்தியார் பின்னாளில் சொன்னார். அதை அந்த டாக்டரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

அது போருக்கு முந்தி. அக்காவுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவோடு கொட்டகையில் சறுக்குக்கட்டை இழைப்பாள். டாக்டர் அவளை அடுப்பங்கரையில் உட்காரவைத்து ராஜா பேர், மாதங்களின் பேர் எல்லாம் கேட்டாராம். வெட்கத்தில் அவள் வாயே திறக்கவில்லை. கடைசியில், உனக்கு ஏதாவது எவ்னே இருக்கிறதா என்றார். தெரிந்த கேள்வி ஒன்று வந்ததே என்று அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டதாம்.

"பன்னெண்டு இருக்குங்க. இன்னும் காயல."

எவ்னே குறைந்தவள் என்று எழுதிக்கொண்டு போனார். அப்படி எழுதப்பட்டவர்களை வைத்துப் பூட்ட ஃபியோர்டுக் கடற்கழிக்கு அக்கரையில் ஓர் இல்லம் இருந்தது. அங்கே அவளைத் துணி வெளுக்கப் போட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து விசாரிப்பார். தேறினால் வீடு.

ஆறு வருஷம் தேறவில்லை. ஏழாவது வருஷம் விசாரணை நாளில் நானே படகேறிப் போனேன்.

"எவ்னேன்னா மரமில்லக்கா, திறமை. இருக்குன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

"இத்தன வருஷமா அதயா கேட்டானுங்க?"

சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே புது டாக்டர், பேச்சு மெதுவாகத்தான் இருந்தது. எவ்னே இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றாள் அக்கா. என்ன திறமை என்று கேட்டார். அதற்கு நான் பாடம் சொல்லித்தரவில்லையே! சறுக்குக்கட்டை செய்வேன் என்றாள். ஒரு பெண்ணா என்று அவர் சிரித்தது எனக்குக் கேட்டது.

"நம்பலன்னா ஒரு கத்தி குடுங்க, காட்டுறேன்."

நாற்காலி பின்னால் இழுபட்டது. செவிலி என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

கத்தி கேட்டாள் என்று தாளில் ஏறியது. மறுவாரம் அக்காவை மேல்மாடிக்கு, கம்பி போட்ட ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் எந்த டாக்டரும் அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. வருஷாவருஷம் அந்தத் தாளைப் பார்த்தே கையெழுத்துப் போட்டார்கள்.