பெயர் வேண்டாத சகோதரி வண்ணார்பேட்டைக்குப் போய் வந்த கதை

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டை வரை, போக வர எண்பது கிலோமீட்டர் இருக்கும். அருவி, அணை, கோயில் எதுவும் இந்தப் பதிவில் இல்லை. ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிய பயணம், அவ்வளவுதான். கிளம்பும் முன் இதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஷீபா. வயது முப்பத்து மூன்று. கணக்கு டீச்சர். இருபத்து நான்கு வயதில் மதுரையில் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அழகுக்காக என்று நினைப்பவர்கள், இரண்டு தோளிலும் பட்டை பதிந்து பள்ளம் விழுந்த பிறகு கரும்பலகையில் ஒரு பாடவேளை முழுக்க எழுதிப் பார்க்கட்டும். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வருஷம் நிம்மதியாக இருந்தேன். பிறகு கர்ப்பம், பிரசவம், இரண்டு வருஷத் தாய்ப்பால். பாலை நிறுத்தி எட்டு மாதமாகிவிட்டது, எடையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் மார்பு மட்டும் வரவில்லை. இடது பக்கம் வலதைவிட நன்றாகவே இறங்கிவிட்டது. மறுபடி கழுத்து வலி, மறுபடி கோடையில் மடிப்புக்கடியில் வேர்க்குரு, புண். இரண்டாவது தடவை செய்ய முடியுமா, செய்யலாமா என்று கேட்கத்தான் போனேன்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு டாக்டர் நேரம் கொடுத்திருந்தார். கணவர் ஜெபசிங்குக்குக் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வர முடியாது என்று சொல்லிவிட்டார், நானும் எதிர்பார்க்கவில்லை. அவர் செய்த ஒரே வேலை, முந்தின நாள் தன் அம்மாவிடம், "பழைய ஆபரேஷன் விஷயமா ஷீபா நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறா" என்று சொன்னதுதான். என்ன ஆபரேஷன் என்று என் அத்தைக்குத் தெரியாது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராகக் கர்த்தரிடம் கொண்டுபோனார், அதுவும் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழு வழியாக, நாற்பத்தாறு பேர் முன்னிலையில்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு நாகரிகம் உண்டு. சங்கடமான காரியமாக இருந்தால் ஜெப விண்ணப்பத்தில் பெயரைப் போட மாட்டார்கள். ஆனால் விவரம் இல்லாமல் எப்படி ஜெபிப்பது? எனவே இப்படி வந்திருந்தது: "நம் சபையின் ஒரு சகோதரி (பெயர் வேண்டாம்) நாளை அறுவை சிகிச்சை சம்பந்தமாகத் திருநெல்வேலி செல்கிறார். மூன்று வயதுப் பெண் குழந்தையின் தாய். கணித ஆசிரியை. பாரத்தோடு ஜெபிக்கவும்." எங்கள் சபையில் கணித ஆசிரியை நான் ஒருத்திதான். கீழே வரிசையாக ஆமென், ஆமென், கைகூப்பும் பொம்மைகள்.

காலை 8.10 பஸ். டிக்கெட் 38 ரூபாய். இடப்பக்க ஜன்னலோரம் பிடித்தால் வெயில் அடிக்காது. பிடித்தேன். கல்லிடைக்குறிச்சியில் ரோஸ்லின் அக்கா ஏறினார். ஐம்பது வயது, சபையில் பாடற்குழுவில் முன்வரிசை. மகள் கல்யாணத்துக்குப் பத்தமடையில் பெயர் போட்ட பாய் நெய்யச் சொல்லியிருந்தார், அன்றைக்கு வாங்கப் போகிறார். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, எனக்கு அப்படித்தான் அமையும்.

"ஏ பிள்ள, அந்தச் சகோதரி நீதானே?" என்றார், பஸ் கிளம்பும் முன்பே.

"ஒண்ணுமில்லக்கா, சும்மா ஒரு செக்கப்பு."

"சும்மாவா ஆபரேசன் பண்ணுதாவ? எந்த எடத்துல கட்டி?"

கட்டி இல்லை என்றேன். அப்படியானால் என்ன என்று கேட்டார். முன்னிருக்கையில் இரண்டு தலைகள் திரும்பின. மார்பு பெரிதாக இருக்கிறது, குறைக்கப் போகிறேன் என்று வீரவநல்லூர் நிறுத்தத்தில், ஜன்னல் வழியே வெள்ளரிப்பிஞ்சு நீட்டும் நேரத்தில் எப்படிச் சொல்வது? மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்துக்கு அவர் ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொண்டார். கண் கலங்கி என் கையைப் பிடித்தார்.

9.05க்குப் பத்தமடை வந்தது. ரோஸ்லின் அக்கா இறங்கவில்லை.

"அக்கா, உங்க பாயி?"

"பாயி எங்க போவுது? ஒன்னத் தனியா அனுப்பிட்டு நான் பாயப் பாக்கவா? அங்கன வந்து ஒக்காந்து ஜெபிக்கேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அன்பாக இருப்பவர்களிடம் கோபப்படவும் முடியாது, அதுதான் எரிச்சலிலும் எரிச்சல். மேலப்பாளையம் நெரிசலில் இருபத்தைந்து நிமிஷம் நின்று, 10.15க்குப் புதிய பஸ் ஸ்டாண்ட் சேர்ந்தோம். அங்கிருந்து வண்ணார்பேட்டைக்கு ஆட்டோ 150 ரூபாய். 200 கேட்டார், அக்காதான் பேசிக் குறைத்தார்.

வரவேற்பில் இருந்த பெண் எடுத்த எடுப்பில், "வீட்டுக்காரர் வரலையா?" என்றார். நான் கல்யாணமாகும் முன் இதே சிகிச்சை செய்துகொண்டவள், அப்போது எந்த வீட்டுக்காரரும் இல்லை என்று சொன்னேன். அவர் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். ஆலோசனைக் கட்டணம் 600. 11 மணி என்றால் 12.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்து உதடசைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே வர எழுந்தவரை நான் கதவருகில் நிறுத்த வேண்டியிருந்தது.

டாக்டர் என் வயதுக்காரப் பெண். அலட்டல் இல்லாதவர். மதுரைக் கோப்பைக் கொடுத்தேன். முதலில் புரட்டியது பில்லை அல்ல, ஆபரேஷன் எப்படிச் செய்தார்கள் என்று எழுதிய பக்கத்தை. "இது இருக்கறதால பிழைச்சோம். முதல் தடவை காம்புக்கு எந்தப் பக்கத்து ரத்த ஓட்டத்த விட்டு வச்சாங்கன்னு தெரியாம ரெண்டாவது தடவை வெட்டினா ஆபத்து" என்றார். செய்யலாம், ஆனால் முதல் தடவையைவிடக் கவனம் வேண்டும், ஆறுவது தாமதமாகலாம், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும், அவசரம் ஒன்றுமில்லை, இன்னொரு டாக்டரையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இன்னொரு குழந்தை பிளான் இருக்கா? இருந்தா இப்ப வேண்டாம். மறுபடி மாறிடும், பால் குடுக்கறதும் சிரமமாகலாம். பெத்து முடிச்சிட்டு வாங்க."

எண்பது கிலோமீட்டரும் இந்தக் கேள்விக்காகத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்று போதும் என்று நானும் ஜெபசிங்கும் எங்கள் அறைக்குள் பேசி முடித்துப் பல மாதமாகிறது. அறைக்கு வெளியே அந்த முடிவு ஒருநாளும் வந்ததில்லை. டாக்டரிடம் ஒரு நிமிஷம் கேட்டு ஜெபசிங்குக்குப் போன் போட்டேன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"ஒண்ணு போதும்னுதான சொன்னோம்? டாக்டர்ட்ட சொல்லிரட்டா?"

"பைய சொல்லிக்கலாமே. அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

போனை வைத்தேன். என் தோள், என் கழுத்து, என் தையல். கேட்க வேண்டியது அம்மாவிடம்! அவ்வளவு கோபம் எனக்கு வகுப்பறையில்கூட வந்ததில்லை. "இல்ல டாக்டர். எனக்கு ஒண்ணு போதும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கோடை விடுமுறையில் செய்துகொள்வதாக முடிவாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ரோஸ்லின் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவரிடமாவது சொல்லாமல் இருந்தால் பாவம். சேரன்மகாதேவி தாண்டி, "ஆத்தாடி, இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா?" என்றார், தன் தோளைத் தடவிக்கொண்டே. "யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னார். அதைக் காப்பாற்றவும் செய்தார். குழுவில் "கட்டி இல்லை, ஸ்தோத்திரம்" என்று மட்டும் போட்டார்.

அது போதுமானதாக இருந்தது. 4.40க்கு வீட்டுக்குள் நுழைந்தால் வாசலில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளே ஸ்தோத்திர ஜெபம், அத்தை தலைமையில். என் மகள் எல்லோர் மடியிலும் மாறி மாறி உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். கால்கூடக் கழுவவில்லை, என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். அத்தை உருக்கமாக ஜெபித்தார். தீங்கை விலக்கினீரே என்றார். எனக்கே கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. பிறகு முடிக்கும்போது, "அடுத்த வருஷம் இதே நாளில் இந்த வீட்டில் ஒரு ஆண் குழந்தையின் சத்தம் கேட்கும்படி கிருபை செய்யும்" என்றார்.

பன்னிரண்டு பேரும் ஆமென் என்றார்கள். முறுக்கு வாயோடு என் மகளும் சொன்னாள். நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அது கதவை அறைந்து சாத்துவதைவிடப் பெரிய சத்தம். அத்தை கண்ணைத் திறந்தார்.

"ஆமென் சொல்லலையே?"

"கடைசி வரிக்குச் சொல்ல மாட்டேன் அத்தை. எனக்கு ஒண்ணு போதும். டாக்டர்ட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

காப்பி குடிக்காமலே கூட்டம் கலைந்தது.

போக நினைப்பவர்களுக்கு: பால் நிறுத்தி ஆறு மாதமாவது ஆன பிறகு போங்கள். முதல் ஆபரேஷனின் குறிப்பை வாங்கி வைத்திருங்கள், தொலைந்திருந்தால் செய்த இடத்தில் நகல் கேளுங்கள். செலவை எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் பிள்ளையைத் தூக்க முடியாது, அதற்கு ஆள் பாருங்கள். எனக்கு ரோஸ்லின் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், கல்யாண வேலைக்கு நடுவிலும். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார். பதிலை வீட்டிலேயே, அறைக்கு வெளியே சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லவில்லை, பட்டேன்.

சனிக்கிழமை குழுவில் அத்தையின் புதிய விண்ணப்பம் வந்தது: "ஒரு சகோதரியின் மனமாற்றத்துக்காக ஜெபிக்கவும். பெயர் வேண்டாம்."

கீழே முதல் ஆமென் விழும் முன் நான் பதில் போட்டேன்: "ஷீபா."