வெங்கடம்மா தூக்கிய கை

என் மாமியார் வெங்கடம்மா யாரையும் நம்பமாட்டார். பால்காரர் எதிரிலேயே பாலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். நான் பெண் கேட்டுப் போனபோது, சிப்காட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கே வந்து, "விமல்ராஜுன்னு நெசமாவே ஒருத்தன் உள்ள வேலை செய்யறானா?" என்று வாட்ச்மேனிடம் விசாரித்துவிட்டுத்தான் வினோதாவைக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வினோதா முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

சானமாவுக் காட்டை ஒட்டிய ஏரிக் கொட்டாய் அத்தையின் ஊர்; கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் அதே ஊர், அதே வீடு. நாற்பது வீடு இருக்கும். அத்தை ரோஜாப் பண்ணையில் பூ வெட்டப் போவார். முள்ளுக்குப் பயந்து விரல்களில் எப்போதும் துணி சுற்றியிருப்பார்.

2008-ல், என்னோடு வேலை பார்த்த மதுரைக்காரத் தம்பி பாஸ்கரன் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினான். காட்டிலிருந்து வரும் யானையைப் பார்த்தவர் யாரானாலும் ஒரு மெசேஜ் அனுப்பினால், அது அந்தப் பக்கத்தில் ஏறும். சேர்ந்திருக்கிற எல்லார் செல்போனுக்கும் வரும். போகப் போக எரியாத தெருவிளக்கு, ரேஷன் கடைக் கூத்து என்று படத்தோடு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

"இனிமே பேப்பர்காரங்க வருவாங்கன்னு காத்துக் கெடக்க வேணாம்ணே. சனங்கதான் நிருபர்" என்பான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அத்தை அவனிடம் ஒரே கேள்வி கேட்டார். "அனுப்பறவன் யாருன்னு தெரியுமா?"

"பேரு கேட்டா பயப்படுவாங்கம்மா."

"பேரு சொல்லவே பயப்படறவன் பேச்சக் கேட்டு நான் எதுக்கு நடக்கணும்?"

பாஸ்கரன் சிரித்து மழுப்பினான்.

மறு வருஷம் எங்கள் ஏரிக்கு மேலிருக்கும் பாறையில் கல்குவாரி வைக்க ஒருவர் கிளம்பினார். அங்கே வெடி வைத்தால் ஏரி போச்சு. எங்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது; குழாயில் வருவதும் அதுதான். ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் வருகிறது, கொட்டாயே திரண்டு போய் எதிர்ப்பது என்று பேசி முடித்தோம்.

காலையில் எல்லாரும் கிளம்பி நிற்கிறோம். ஒரே நேரத்தில் எல்லார் செல்போனும் கத்தியது. 'சானமாவு ரோட்டில் குட்டியோடு ஐந்து யானைகள். யாரும் வர வேண்டாம்.' கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு அந்த ரோட்டில்தான் போக வேண்டும். குட்டியோடு நிற்கிற யானையிடம் யார் போய் மாட்டுவது? கிளம்பி நின்றவர்கள் அப்படியே கலைந்தார்கள்.

"நேத்து வரைக்கும் இல்லாத யானை மீட்டிங் அன்னிக்கு மட்டும் எப்படிடா வரும்?" என்று அத்தை கத்தினார்.

"அத்தே, விளையாடாதீங்க!"

"நீ உள்ள போயி கதவ சாத்திக்கோ மாப்ளே."

போயே விட்டார். பின்னால் ஓடியிருப்பேன். ஏழு மாதக் கர்ப்பிணியான வினோதா என் சட்டையை விடவில்லை.

மதியம் முழுசாகத் திரும்பி வந்தார். "யானையாம் யானை! ரோட்டுல யானை போட்ட லத்தி ஒண்ணு கூட இல்ல. அங்க பூரா குவாரிக்கு ஒத்து ஊதற பஞ்சாயத்துத் தலைவரோட ஆளுங்க. எதிர்க்கறவங்க கை தூக்குங்கன்னாங்கோ. நான் ஒருத்திதான் தூக்கினேன். ஒருத்தன் செல்லுல போட்டோ புடிச்சான். நல்லா புடிடான்னேன்."

யானைச் செய்தி வந்த எண்ணை பாஸ்கரன் கூப்பிட்டுப் பார்த்தான். அணைத்து வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் பாஸ்கரனின் பக்கத்திலேயே அந்தப் படம் ஏறியது. அத்தை மட்டும்தான் இருந்தார். தூக்கிய கை, விரலில் துணி. கீழே, 'குவாரிக்கு ஆதரவாகக் கை தூக்கும் ஏரிக் கொட்டாய் மக்கள்' என்று எழுதியிருந்தது. அனுப்பியவன் பெயர் இல்லை. அடப்பாவிகளா!

பாஸ்கரன் பதறிப்போய்ப் படத்தை நீக்கிவிட்டு மறுப்பு எழுதினான். அதற்குக் கீழே பெயரில்லாத ஆட்கள் வரிசையாக வந்தார்கள். 'எவ்வளவு வாங்கினார்?' 'மாப்பிள்ளைக்கு வேண்டியவன், மறுக்கத்தான் செய்வான்.' கூட்டத்தின் பக்கமே வராத நிருபர் ஒருவர் நீக்குவதற்கு முன்பே அந்தப் படத்தை இறக்கி வைத்திருந்தார். புதன்கிழமை அது பேப்பரில் வந்தது. டீக்கடையில் கை மாறி மாறி அந்தப் பக்கம் கிழிந்தே போனது.

அத்தை கூடவே தினமும் பண்ணைக்கு நடக்கும் நாராயணம்மா, குழாயடியில் அவரை நிறுத்தினார். "கை தூக்கினியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"தூக்கினேன். ஆனா..."

"போதும் தாயி." குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தூக்கிய கையில் எதற்காகத் தூக்கியது என்று எழுதியா ஒட்டியிருக்கும்? நான் வீடு வீடாகப் போய்த் தொண்டை வற்றக் கத்தினேன். மாமியாருக்குப் பரிந்து பேசுகிறான் என்றார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போய் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேன் பிடித்தார்கள். அத்தை விடியும் முன்பே குளித்து, நல்ல புடவை கட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தார். வேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. நாராயணம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வினோதா மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, எங்கிட்ட மட்டும் சொல்லு. நெசமா எதுக்குத்தான் கை தூக்கின?"

நான் பல்லைக் கடித்தேன். பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது!

அத்தை கோபப்படவில்லை. விரலில் இருந்த துணியை அவிழ்த்து மடியில் வைத்தார்.

"கேளுடி, கேக்கத்தான் செய்வ. உன் எடத்துல நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றார்.