நாகையாவின் வெல்லக்கட்டி

வீரம்மாவுக்குப் புருஷன்மேல் இருந்த எரிச்சலை எழுதப் புகுந்தால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தாள் போதாது. நாகையா கல்குவாரியில் வெடிமருந்து வைக்கக் கருங்கல்லில் துளை போடுகிறவன். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. சாயங்காலம் புருவம், மீசையெல்லாம் வெள்ளையாக வருவான். வந்ததும் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வான். உள்ளே போன தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு வயிற்றில் சேர்த்துவிடுமாம். குவாரியில் அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். கங்காணியே வாங்கிக் கொடுத்தான். கொடுக்காமல் என்ன? ஆளைவிட வெல்லம் மலிவு.

மூக்கில் கட்டிக்கொள்ள அவள் ஈரத்துணி கொடுத்தனுப்பினாள். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தான்.

1934-இல் இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டருக்குப் பதில் அங்கே நோய் பார்க்கும் டிரசர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"சாப்பாடு போற வழி வேற, மூச்சு போற வழி வேற. உள்ள போன கல்தூசி வெளிய வராது. வேலைய இன்னிக்கே விட்டுடு."

நாகையா நன்றாகத் தலையாட்டினான். மறுநாளிலிருந்து இரண்டு கட்டி தின்றான்.

வீரம்மா தான் துணி துவைக்கும் துரை பங்களாவில் அவனுக்குத் தோட்டவேலை பேசி முடித்தாள்.

"மலையப் பொளந்தவன் பூச்செடிக்குத் தண்ணி ஊத்தறதா? கூட்டாளிங்க சிரிப்பானுங்க. தீவாளி போவட்டும்," என்றான்.

தீபாவளி போனது. பொங்கல் போனது. பத்துமலைத் தைப்பூசமும் போனது. அவள் துரையம்மாவிடம் வாராவாரம் புதுப் பொய் சொல்லி அந்த வேலையைப் பிடித்து வைத்திருந்தாள். வீட்டில் கத்தினாள், பட்டினி கிடந்தாள். அவன் அசையவில்லை.

டிரசர் சொன்ன எட்டாம் மாதம் அவனால் துளைக் கம்பியைத் தூக்க முடியவில்லை. இனி வரவேண்டாம் என்று கங்காணி சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை, "வா, பங்களாவுக்குப் போவலாம்," என்றான் நாகையா. கால் மைல் நடையில் ஐந்து தடவை உட்கார்ந்தான். தோட்டத்தில் அவள் பூவாளியை நிரப்பிக் கொடுத்தாள். முழங்கால்வரை தூக்கிவிட்டுக் கீழே வைத்தான். பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்தாள். அதையும் வைத்துவிட்டான்.

"அப்பவே வந்திருக்கணும், வீரம்மா."

இந்த ஒரு வார்த்தைக்காக எட்டு மாதம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள். இப்போது கேட்டதும் ஆத்திரம்தான் வந்தது.

"இப்ப சொல்லி என்னா பண்றது? கல்லுக்குப் பொறந்தவரு நீங்க. சொன்னா கேட்டீங்களா?" என்று சீறினாள்.

எதிர்த்து ஏதாவது சொல்வான் என்று இடுப்பில் கைவைத்துக் காத்து நின்றாள். நாகையா வாயைத் திறந்து திறந்து பார்த்தான். சண்டை போடக்கூட அவனிடம் மூச்சு இல்லை.