ஏழாம் வாய்ப்பாடும் வெந்நீர் பாய்லரும்

வெந்நீர் என்றதும் எனக்கு ஒரு நிறம்தான் தெரியும். ஒக்கலிபுரத்து வாடகை வீட்டுக் குளியலறையில், செப்பு பாய்லரின் அடியில் விறகு எரிந்து அடங்கிய கங்கின் நிறம். மேலே ஆவி. ஆவிக்குள் என் மகள், மணையில் உட்கார்ந்து சொம்பால் தனக்குத்தானே மழை பெய்துகொண்டிருப்பாள். தொண்ணூறுகளின் கடைசி அது. ரயில் கூவுவதுகூட அந்த ஆவியில் நனைந்துதான் உள்ளே வரும்.

பாய்லரின் நடுவே ஒரு குழாய் உண்டு. கீழே தீ, குழாயைச் சுற்றித் தண்ணீர். குழாயின் வாயில் செருகிய தகரப் புகைபோக்கி சுவர் வழியாக வெளியே போகும்.

தீபாவளிக்கு முந்தின நாள், வீட்டுக்கார அம்மா எங்கள் பாய்லருக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு, செவ்வந்தி மாலை சுற்றி, தண்ணீர் நிரப்பினார். அந்த ஊர்க் கன்னடக்காரர்களுக்கு நீர் நிரப்புவதே ஒரு பண்டிகை. மறுநாள் விடியலில் எங்கள் எண்ணெய்க் குளியல். என் கணவரின் வீட்டில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தை பாய்லர் வாயில் வைத்துத்தான் சூடாக்குவார்கள். அங்கே பாய்லர் இருந்தது திறந்த கொல்லையில். இங்கேயும் அவர் தகரப் புகைபோக்கியைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தை வைத்தார். மகளுக்குத் தேய்த்தது போக மீதி எண்ணெய் அவருக்காக மறுபடி அங்கேயே ஏறியது. கங்குதானே, புகையே இல்லை. குளிருக்கு ஜன்னல் கண்ணாடியையும் சாத்தியிருந்தோம்.

"அம்மா, தூக்கமா வருது," என்றாள் மகள், தாழிட்ட குளியலறைக்குள்ளிருந்து.

"எண்ணெ தேச்சா அப்டித்தான்டி."

பிறகு சொம்பு விழுந்து உருண்டது. கூப்பிட்டோம், பதில் இல்லை. அவர் தாழ்ப்பாளை உடைத்தார்.

வாசல் காற்றில் கண் திறந்தாள். கங்கிலிருந்து வரும் நச்சுக் காற்று மணக்காது, கண்ணுக்கும் தெரியாது என்றார் டாக்டர். எங்கும் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு மகள் குளியலறைக்குள் போகவே மறுத்தாள். "அங்க தூக்கம் ஒளிஞ்சிருக்கும்மா," என்பாள். சமையலறை ஓரத்தில் துண்டை நனைத்துத் துடைத்துவிடுவேன். கரண்ட் அடிக்கடி போகிற தெரு, பாய்லர் இல்லாமலும் முடியாது.

கணவர் புகைபோக்கியைப் பாய்லரோடு சேர்த்து முடுக்கினார், யாரும் கழற்ற முடியாதபடி. ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தார். கதவின் அடியில் ஒரு பட்டையை அறுத்தபோது வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

"ஏன் சார், வெந்நீருக்குன்னு என் வீட்டையே ஒடைக்கிறீங்க?"

"காத்து வரணும்மா."

"காத்து வந்தா நீர் ஆறிப்போகும் அல்லவா? பேசாம பச்சத் தண்ணியிலயே குளிங்க!"

ஆறாமல் இருக்கவும் வழி செய்தோம். நடுக்குழாயில் படிந்திருந்த கரியை அடியிலிருந்து தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தேன். உள்ளே செம்பு, விடிந்ததுபோல் வெளுத்தது. பாய்லரின் வெளிப்புறம் உமி கலந்த களிமண்ணைப் பூசினோம். விறகை மெல்லியதாகப் பிளந்து வெயிலில் காய வைத்தோம், சாம்பலைத் தினமும் வாரினோம். முன்பைவிடக் குறைந்த விறகில் தண்ணீர் கொதித்தது. வீட்டுக்கார அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க பாய்லருக்கும் பூசுங்க," என்றார்.

மகள் மட்டும் வரவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம். தாழ்ப்பாள் கிடையாது. நான் கதவுக்கு வெளியே இருப்பேன். அவள் பள்ளியில் படிக்கும் கன்னட வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே குளிக்க வேண்டும்.

"ஏளொந்த்லி ஏளு... ஏளெரட்லி ஹதினால்கு..."

ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று அவள் ஏற ஏற, கதவின் அடியிலிருந்து ஆவி வந்து என் கால்களைச் சுற்றியது. வலை வழியாக விழுந்த வெயில் அதில் மிதந்தது. நான் மேகத்தின்மேல் நிற்பதுபோல் நின்றேன், அவள் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு.

"ஏளெண்ட்லி..."

ஏழெட்டில் வந்து குரல் நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

தலை நிறைய சோப்பு நுரையோடு, விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இரும்மா, சொல்லாத," என்றாள். "எனக்கே வரும்."