ஒரு கேபிள் தூரத்தில் காஸ்

பேருந்தின் கடைசி வரிசையில் காஸ் தூங்குகிறார். அவருடைய கட்டைவிரல்கள் தூங்கவில்லை. மடியில், ரொட்டி உறைக்குள் சுற்றிய சாம்பல்நிற கேம்பாய், பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டி. அதன் பொத்தான்களை மாறி மாறி அழுத்தியபடியே லேசாகக் குறட்டை விடுகிறார். இறங்க வேண்டிய நிறுத்தம் நெருங்கியதும் யாரும் எழுப்பாமலே கண்விழித்து, காதிலிருந்து இயர்போனைக் கழற்றி, பக்கத்தில் இருக்கும் என்னிடம் கேட்கிறார்: "சேவ் பண்ணிட்டியா?"

நலம் விசாரிப்பது அவருக்கு இப்படித்தான். எப்போதோ ஒருமுறை பேருந்து குலுங்கியதில் பேட்டரி மூடி கழன்று, முழுப் பாட்டு ஒன்று காணாமல் போனதிலிருந்து இந்தப் பழக்கம். பேக்கரி முதலாளியிடமும் கேட்பார், பல் வைத்தியரிடமும் கேட்பார். நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு பிலடெல்ஃபியாவுக்குத் திரும்பிய அன்று, ரயில் நிலையத்தில் கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் என்னிடமும் இதையே கேட்டார். "எதை?" என்றேன். "எதையாவது," என்றார்.

முழுப்பெயர் காசிமிர் டூடெக். ஐம்பதை நெருங்குகிறார். ஊரின் போர்ட் ரிச்மண்ட் பகுதியில் ஒரு பிரெட்ஸல் பேக்கரியில் வேலை. விடிவதற்குள் மாவைக் கயிறாகத் திரித்து, ஒரு சுழற்று, ஒரு முடிச்சு, மேலே கல் உப்பு, அடுப்புக்குள் தள்ளு என்று ஊருக்கே காலை உணவை முடித்துவிடுவார். மதியத்துக்கு மேல் அவர் இசைக்கலைஞர். பிள்ளைகள் விளையாடித் தேய்த்து, பழைய சாமான் கடையில் கொட்டிவிட்டுப் போன கேம்பாயில் பாட்டுக் கட்டுகிறார். கீச்சுக்குரல் இரண்டு, அடித்தொண்டையில் உறுமும் குரல் ஒன்று, மழைபோல் இரையும் சத்தம் ஒன்று. அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்று நுழைந்தால், ஏற்கெனவே பாடும் ஒன்று வாயை மூடியாக வேண்டும்.

இந்த விதியை அவர் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறார். தங்கை வீட்டு விருந்தில் வான்கோழியைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியபோது மேசையைத் தட்டினார். "நாலு பேருக்கு மேல பேசாதீங்க. அஞ்சாவது ஆள் வாயத் தொறந்தா யாராவது ஒருத்தர் மூடணும்."

"அப்ப நீ மூடு," என்றாள் தங்கை.

மூடவில்லை. அவருக்கு அது வராது.

அவரைக் கோபப்படுத்த ஒரே வழி, பெட்டிக்குள் சொருகும் கேம் கேட்ரிட்ஜை வாயால் ஊதுவது. வேலை செய்யாத கேட்ரிட்ஜை ஊதினால் சரியாகும் என்று நம்புகிற தலைமுறை எங்கள் ஊரில் இன்னும் நிறைய இருக்கிறது. கண்ணில் பட்டால் பாய்ந்து பிடுங்கிவிடுவார். "எச்சில் பட்டா துருப்பிடிக்கும்யா! உன் சூப்புல போய் ஊது!" சட்டைப் பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சி வெளியே வரும். ஆனால் அவருடைய சொந்த கேம்பாய்க்குள் எப்போதும் மாவு. பொத்தான்கள் ஒட்டிக்கொள்ளும். அதைத் திறந்து, சின்னத் தூரிகையால் சுத்தம் செய்து கொடுப்பது மரிட்ஸாவின் வேலை.

மரிட்ஸா கொலோன் பக்கத்துப் பகுதியான கென்சிங்டனில் ஒரு ஹார்டுவேர் கடையில் சாவி வெட்டுகிறாள். அவள் சிரித்தால் தெருமுனையில் கேட்கும். ஒன்பது வருடமாக இருவரும் ஜோடியாக வாசிக்கிறார்கள். ஜோடியின் பெயர் 'கல்லுப்பு'. ஆளுக்கு ஒரு கேம்பாய், நடுவில் ஒரு கேபிள். இரண்டும் சேர்ந்து ஓட வேண்டுமானால் ஒன்று முன்னால் போக வேண்டும், இன்னொன்று பின்னால் வர வேண்டும். யார் எது என்பதை முதலிலேயே அதில் குறித்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் பொத்தானை அழுத்தினால் திரையில் 'காத்திரு' என்று வந்து நின்றுவிடும். முன்னால் போகிறவர் அழுத்தினால்தான் இரண்டும் கிளம்பும். வேகமும் அவர் வைத்ததுதான். நடுவில் பின்னால் வருகிறவர் பொத்தானைத் தொட்டால் பாட்டு அறுந்துவிடும்.

ஒன்பது வருடமும் முன்னால் போனவர் காஸ். "எனக்குப் பின்னால நிக்கத் தெரியாது. மூட்டுல ஏதோ கோளாறு," என்பார். கூட்டத்தில் இரண்டு பேர் குதிக்க ஆரம்பித்தால் போதும், அவர் கட்டைவிரல் தானாக வேகத்தைக் கூட்டிவிடும்.

போன மாதம் அதுதான் வினையானது. மரிட்ஸா முதல்முறையாகத் தனியாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். சலவை இயந்திரம் சுற்றத் தொடங்குவதுபோல் மெதுவாக ஆரம்பித்து, கடைசியில் மட்டும் ஓடுகிற பாட்டு. மேடையில் அதை வாசிக்கும்போது முன்வரிசையில் யாரோ குதித்தார்கள். காஸின் விரல் வேகத்தைத் தூக்கியது. பாதி நேரத்தில் பாட்டு முடிந்தது. ஒரே கைதட்டல். காஸ் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். மரிட்ஸா கேபிளைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தடவை நான் முன்னால போறேன். இல்லைன்னா கல்லுப்பு கரைஞ்சுபோச்சுன்னு வச்சுக்க."

கேபிள் அவளுடையது. பழசு. புதிதாக வாங்கிய எதுவும் அதுபோல் ஒழுங்காக இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்லை.

அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அடுத்த நிகழ்ச்சி தேதி குறித்தாகிவிட்டது, ஒத்திகை பார்த்தாக வேண்டும். கேபிளின் நீளமோ கையளவு. சண்டை போட்ட இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டு என் வழியாகப் பேசினார்கள்.

"அந்த ஆள்கிட்ட சொல்லு, முழங்கைய மடக்கிக்கச் சொல்லு. என் விலாவுல இடிக்குது."

"இடிக்கலைன்னா கேபிள் எட்டாதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

"மாவு நாத்தம் தாங்கலைன்னு சொல்லு."

"அந்த நாத்தத்துக்குத்தான் ஊரே காலையில வரிசையில நிக்குதுன்னு சொல்லு. ஏய் ஊர்சுத்தி, சொல்றியா இல்லையா?"

என் வாய் நிறைய பிரெட்ஸல். நான் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அன்று இருவருமே தங்கள் கேம்பாயை 'முன்னால்' என்று குறித்து வைத்திருந்தார்கள். ஒரே வாசலில் இரண்டு பேர் விரித்த குடையோடு நுழைவதுபோல் பாட்டு மாட்டிக்கொண்டு கிழிந்தது. மரிட்ஸா கேபிளைச் சுருட்டினாள்.

நிகழ்ச்சிக்குப் போகும் பேருந்தில் காஸ் தூங்கவில்லை. "அவ இல்லாம நான் தனியா வாசிச்சா எப்படி இருக்கும் தெரியுமா? மைக்ரோவேவ் அடுப்பு, 'சாப்பாடு சூடாயிடுச்சு, வா'ன்னு கூப்பிடற மாதிரி இருக்கும்."

"அப்ப அவங்களை முன்னால போக விடுங்களேன்."

"சொல்றது சுலபம்," என்று தன் வலது கட்டைவிரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதுகிட்ட சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவாலயத்தின் நிலவறைக் கூடம். சமையலறையில் யாரோ வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கிக்கொண்டிருந்தார்கள். மடக்கு நாற்காலிகளில் தபால்காரர்கள், கணக்கு வாத்தியார்கள், காதில் பஞ்சு வைத்த குழந்தைகள். எல்லோர் மடியிலும் பாட்டுக் கட்டுகிற ஏதோ ஒரு பழைய கேம் பெட்டி. கல்லுப்பின் முறை வந்தது. கைப்பையிலிருந்து கேபிள் வெளியே வந்தது. இருவரும் சொருகிக்கொண்டார்கள், பரீட்சைத்தாளை மறைக்கிற பிள்ளைகள் மாதிரி திரையை உள்ளங்கையால் பொத்தியபடி.

காஸ் பொத்தானை அழுத்தினார். மரிட்ஸாவும் அழுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி மட்டும் இரைந்தது. இருவரும் நேராகக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார்கள்.

"பேட்டரி போச்சா?" என்றது ஒரு குரல்.

"ஊதிப் பாருங்க!" என்றது பின்வரிசை.

"எவன்டா அது ஊதச் சொன்னது?" என்று காஸ் எகிறினார். அந்த வேகத்தில் அவர் கை விலகியது. மரிட்ஸா எட்டி அவர் திரையைப் பார்த்தாள். 'காத்திரு'. தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதிலும் 'காத்திரு'.

"யோவ், நீ ஏன்யா காத்துக்கிட்டு நிக்கிற?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை. மைக் திறந்திருந்தது, கூடமே கேட்டது.

"நீதானே முன்னால போறேன்னு சொன்ன?"

"நீ விடமாட்டேன்னுதான் நான் மாத்தி வச்சேன்! போய்த் தொலையட்டும், இந்த ஆள் இல்லாம என்ன பாட்டுன்னு."

"நான் மட்டும் என்ன, வேண்டுதலுக்கா மாத்தி வச்சேன்?"

மரிட்ஸா சிரித்தாள். சமையலறையிலிருந்து கரண்டியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சரி, நான் மாத்தறேன். நீ அப்படியே இரு," என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "கை சும்மா இருக்குமா?"

"பாட்டை ஆரம்பி, மகராசி."

அவள் அழுத்தினாள். இந்த முறை கிளம்பியது. முதலில் அந்த உறுமல், அதன்மேல் மெல்ல ஒரு கீச்சு, ஈரத்துணி சுற்றுவதுபோல் அவசரமில்லாமல். கொஞ்ச நேரத்திலேயே முன்வரிசையில் ஒரு சிறுமி நாற்காலியிலிருந்து இறங்கிக் குதிக்கத் தொடங்கினாள். இன்னொருத்தியும் சேர்ந்துகொண்டாள். காஸின் இரண்டு கட்டைவிரல்களும் விறைத்து எழுந்ததை நான் பார்த்தேன். மரிட்ஸாவும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

காஸ் கேம்பாயை முன்னாலிருந்த மேசைமேல் வைத்தார். தன் கைகளை யாரோ ஊர்பேர் தெரியாதவர்களைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டையும் கால்சட்டைப் பைகளுக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை அவை வெளியே வரவில்லை. துணிக்கு உள்ளேதான் இரண்டு விரல்களும் அசைந்துகொண்டிருந்தன, மரிட்ஸாவின் வேகத்தில்.