காற்றில்லாத மைதானத்தில் எங்கள் மாஸ்டர்

தொண்ணூற்றாறில் இடம்பெயர்வு முடிந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்பியபோது, வீட்டுக்குக் கூரை மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் ஓடினோம். எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்டப் பயிற்றுநரான மாஸ்டர் மட்டும் கோல் கம்பம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். கம்பமும் இல்லை, அவருடைய வீட்டுக் கூரையும் இல்லை. அவர் முதலில் நட்டது கம்பத்தைத்தான். இரண்டு பனங்குற்றி, குறுக்கே ஒரு கயிறு. கூரைக்கு இன்னொரு மாரி காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் அங்கே கணிதம் படிப்பித்தேன். என் பாடம் நடக்காத நாட்களில் பிள்ளைகள் தெளிவாக இருக்கிறார்கள் என்று அதிபர் கண்டுபிடித்தாரோ என்னவோ, என்னை உதவிப் பயிற்றுநராக்கிவிட்டார். மாஸ்டர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். பந்துப் பையையும், இடைவேளைக்கான தோடம்பழங்களையும் என்னிடம் ஒப்படைத்தார். பழங்கள் எப்போதும் கொஞ்சம் குறைந்துதான் மைதானம் போய்ச் சேர்ந்தன.

எங்கள் மைதானம் கடலோரத்தில் இருந்தது. சோளகக் காற்று தொடங்கினால், தூக்கி அடித்த பந்தைக் கடலில் இருந்து கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். மாஸ்டர் வருடக்கணக்காகப் பழக்கியது ஒன்றைத்தான்.

"ஆளைப் பாத்து அடியாதை. ஆளுக்குக் கடல் பக்கமா அடி. மிச்சத்தைக் காத்துக் கொண்டுபோய்க் குடுக்கும்."

கொடுத்தது. ஆளில்லாத இடத்தை நோக்கிப் போன பந்து, ஆகாயத்தில் மனம் மாறி, ஓடிவந்த பையனின் காலடியில் விழுந்ததை முதல்முறை பார்த்தபோது, உரித்த தோடம்பழத்தை வாயில் வைக்கவும் மறந்துபோனேன். என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பிறகு சமாதான காலம் வந்தது, மீன்பிடித் தடை நீங்கிக் கடல் திறந்தது. பின்னேரங்களில் படகுகளுக்கு ஆள் தேவைப்பட்டது. எங்கள் அணித்தலைவனின் தகப்பன் சில படகுகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. அவர் சொன்னால் மற்றத் தகப்பன்மாரும் கேட்பார்கள். அந்தச் சனிக்கிழமை யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரி ஒன்றோடு எங்களுக்கு ஆட்டம் இருந்தது. அதற்கு முன் அவர் மாஸ்டரை இறங்குதுறைக்குக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"பொடியள் பந்துக்குப் பின்னால ஓடினது காணும், மாஸ்டர். சனிக்கிழமை ரவுணில வெண்டா, இந்த வருசம் உங்களோட நிக்கட்டும். தோத்தா, திங்கட்கிழமை வலைக்கு வரட்டும்."

மாஸ்டர் "ஓம்" என்றார். அந்தப் பையன்கள் போனால் அணியே இல்லை. ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று வழியில் கேட்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் சனிக்கிழமையும் இல்லை என்றார்.

யாழ்ப்பாண நகரத்து மைதானத்தைச் சுற்றி உயர்ந்த மதில், கட்டிடங்கள், மரங்கள். ஒரு இலை அசையவில்லை. தீவுப் பிள்ளைகளைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் எங்கே விட்டாலும், கடல் எந்தப் பக்கம் என்று அவர்களின் காலுக்குத் தெரியும். அதுதான் வினையாயிற்று. அடித்த ஒவ்வொரு பந்தும் ஆளுக்குக் கடல் பக்கமாய்ப் போய், திருப்பிக் கொண்டுவரக் காற்றில்லாமல், கோட்டுக்கு வெளியே விழுந்தது.

"தீவார் பந்தைக் கடலில விட்டுத்தான் பிடிப்பினமாம்" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, மதிலே சிரித்தது.

இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டோம். ஆட்டம் பார்க்க வந்திருந்த சம்மாட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குந்தியிருந்து, மெதுவாகப் பேசினார்.

"பிழை உங்கட இல்லை. காத்தை நான்தான் உங்கட காலுக்குள்ள ஏத்தினனான். உடன இறக்க ஏலாது."

இனி ஆளைப் பார்த்தே அடிக்கிறோம் என்றான் அணித்தலைவன்.

"வேண்டாம். யோசிச்சு அடிச்சா இருக்கிறதும் போயிடும். அடிக்கிறவன் பழகினபடி அடிக்கட்டும். வாங்கிறவன் கடல் பக்கம் தள்ளி நில்லுங்கோ."

பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் வெள்ளைச் சேட்டில் இருந்தேன்.

"நீர் போய் அவையின்ர கோலுக்குப் பின்னால, கரைப் பக்கக் கம்பத்துக்கு வெளியில நில்லும். பொடியள் உம்மைப் பாத்து அடிப்பாங்கள்."

"பட்டா, மாஸ்டர்?"

"படாது. பயப்பிடாதையும்."

இரண்டாம் பாதியில் நான் பார்த்ததை இன்றும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பந்து முன்பு போன அதே பிழையான இடத்துக்குத்தான் போனது. ஆனால் இப்போது அங்கே எங்கள் பையன் நின்றான். மைதானத்தையே யாரோ கடல் பக்கமாக ஒரு இழுப்பு இழுத்து வைத்ததுபோல இருந்தது. நகரத்துப் பையன்கள் ஆளைக் காவல் காக்க, பந்து அவர்களைத் தாண்டிப் போனது.

அணித்தலைவன் என்னை நேராகப் பார்த்து ஓடிவந்து அடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலை அதிர்ந்த சத்தம் கேட்டது. இரண்டாவது கோலுக்கு ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். எனக்குக் குறிவைத்த பந்து கடல் பக்கம் விலகி, கம்பத்துக்கு உள்ளே போனது. மாஸ்டர் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் பின்வரிசையை இன்னும் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சம்மாட்டி எப்போது என் பக்கத்தில் வந்து நின்றார் என்று எனக்குத் தெரியாது.

கடைசி நிமிடத்தில் அணித்தலைவன் மறுபடி தனியாக வந்தான். என்னைப் பார்த்தான், அடித்தான். பந்து விலகவே இல்லை. நேரே என் வயிற்றில் வந்து இறங்கியது. நான் மடங்கி விழ, விசில் ஊதியது. இரண்டுக்கு இரண்டு.

மாஸ்டர் ஓடிவந்து என்னைத் தூக்கினார்.

"காத்து இறங்கீட்டுது" என்றார், ஏதோ நான் கோல் போட்டதுபோல.

சம்மாட்டி மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"வெல்லவும் இல்லை, தோக்கவும் இல்லை. இப்ப என்ன, மாஸ்டர்?"

"தோத்தாத்தானே வலைக்கு எண்டனீங்கள்."

"வெண்டாத்தானே உங்களோட எண்டும் சொன்னனான்."

சம்மாட்டி தன் மகன் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு கடல் பக்க எல்லைக்கோட்டை, எங்கள் பையன்கள் வரிசையாகத் தள்ளி நின்ற இடத்தை, கனநேரம் பார்த்தார்.

"திங்கட்கிழமை பயிற்சி எத்தினை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"ஆறுக்கு முதல் வலைக்கு அனுப்பிப்போடவேணும்."

மாஸ்டர் "ஓம்" என்றார். சொல்லிவிட்டு, திரும்பிக் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். நாடா கட்டித்தான் இருந்தது. அதை அவிழ்த்து அவிழ்த்து மறுபடி கட்டினார்.